வங்கி இருப்பு என்னும் நுழைவுத்தேர்வு

ஏர்வாடிக் கடற்கரையில் 'வெளிநாடு' என்றால் வளைகுடா நாடுகள் என்றே பெரும்பாலும் பொருள். உழைப்பதற்காக அங்கு செல்லும் வழியை ஊரில் எல்லோரும் அறிவர். முகவர் யார், வட்டிக்குப் பணம் தருபவர் யார், பட்ட கடனை எத்தனை மாதச் சம்பளத்தில் அடைக்கலாம் என்பதெல்லாம் திண்ணைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். படிப்பதற்காக வெளிநாடு செல்லும் வழி மட்டும் அப்படித் தெரிவதில்லை. வாலிநோக்கம் உப்பளத்திலும், சீமைக்கருவேலங் கரிமூட்டத்திலும், மிளகாய்க் காட்டிலும் கூலிக்கு உழைக்கும் தலித் குடும்பத்து மாணவிக்கு அந்த வழி ஏன் அடைபட்டிருக்கிறது? தகுதியின்மை காரணம் அல்ல. பல்கலைக்கழகம் மதிப்பெண்ணைக் கேட்கிறது. அதற்கு அடுத்த வாசலில் நிற்கும் விசா அலுவலகமும் வங்கியும் சொத்தைக் கேட்கின்றன.

அப்படியொரு மாணவிக்கு லண்டனில் முதுகலை படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிரிட்டன் விசா விதியின்படி, லண்டனில் படிக்க வருபவர் வாழ்க்கைச் செலவுக்கு அந்த ஆண்டில் மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத் தொகையைக் காட்ட வேண்டியிருந்தது. அது 13,347 பவுண்டு; ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய். செலுத்த வேண்டிய கல்விக் கட்டணம் இதில் சேராது. இந்தப் பணம் தொடர்ச்சியாக 28 நாட்கள் வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். மருத்துவச் சேவைக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று ஆறுதல் சொல்வார்கள். அங்கும் விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே செலுத்துவதே வழக்கமான வழி. கட்டணமில்லாக் கல்விக்கும் கையில் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய் வேண்டும்.

சேமிப்பு இல்லாதவர் கடன் வாங்கலாமே என்பது அடுத்த அறிவுரை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் கேட்கப்படும். அதற்கு மேல் நிலமோ வீடோ அடமானமாக வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காட்டுப் பங்கை மாணவரே போட வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'பிரதமரின் வித்யாலட்சுமி' திட்டம் பிணையில்லாக் கடன் தருகிறது. ஆனால் அது இந்தியாவிலுள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே.

ஆக, 7.5 லட்சத்தைத் தாண்டியதும் கேள்வி கல்வியைப் பற்றியதாக இருப்பதில்லை, நிலத்தைப் பற்றியதாகிவிடுகிறது. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதைத் தமிழகத்தில் சாதிதான் தீர்மானித்து வந்துள்ளது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போய்விட்டன. எஞ்சியவையும் பிற சாதியினருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டவை. விருப்பம்போல் ஏலம் விட முடியாத நிலத்தை எந்த வங்கி மனமுவந்து அடமானமாக ஏற்கும்? பாதுகாப்புக்காக விதிக்கப்பட்ட நிபந்தனையே கடன் கேட்கும்போது தடையாகிறது.

இந்த இடைவெளியை அடைக்கவே அரசின் உதவித்தொகை இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் பட்டியல் சாதியினருக்கு 115. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2022இல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றை வெளிநாட்டில் படிக்க இத்திட்டத்தில் உதவி கிடையாது என்று விதி கொண்டுவரப்பட்டது. சாதியை ஆராய விரும்பும் தலித் மாணவருக்கு அன்றே கதவு சாத்தப்பட்டது. 2025 ஜூலையில் தேர்வு செய்யப்பட்ட 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதம் வழங்கப்பட்டது. மற்ற 66 பேருக்கும் நிதி இருப்பைப் பொறுத்துக் கடிதம் வழங்கப்படும் என்று சொல்லப்பட்டது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவருக்கு அந்தக் கடிதம்தான் வங்கி இருப்பு. அது தாமதமானால் விசா இல்லை. விசா இல்லையேல் இடமும் இல்லை.

இதிலுள்ள முரணைக் கவனியுங்கள். உதவித்தொகை பெற, தான் ஏழை என்று வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கடிதம் வராத நிலையில் விசா பெற, தன்னிடம் பல லட்சம் இருக்கிறது என்று அதே மாணவி காட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஒன்றிய அரசு பட்டியலில் சேர்க்க மறுக்கும் கிறித்தவ தலித்துகளையும் அது உள்ளடக்குகிறது. இது பாராட்டுக்குரியது. ஆனாலும் எந்தத் திட்டமும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தைக் கேட்ட பிறகே தொடங்குகிறது. அந்தக் கடிதத்தைப் பெறுவதற்கான ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், பல நேரங்களில் முன்வைப்புத் தொகை ஆகியவை அதற்கு முன்பே கைப்பணத்திலிருந்து போக வேண்டியவை. வசதியான குடும்பத்துக்கு இவை சில்லறைச் செலவு. கரிமூட்டக் கூலிக்கு இவை கந்துவட்டி.

அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் அவர் கொலம்பியா சென்றார். 1916இல் லண்டனுக்குப் போனவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக ஈட்டிய சம்பளத்தைச் சேமித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியையும் நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனையும் சேர்த்து, 1920இல்தான் அவரால் மீண்டும் கப்பலேற முடிந்தது. பணம் வரவேண்டிய நேரத்தில் வராதபோது அவருடைய அறிவும் மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஒரு மன்னரும் ஒரு நண்பரும் இல்லாதவர் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பார்?

எனவே கோரிக்கை உதவித்தொகையை உயர்த்துவதோடு நின்றுவிடக் கூடாது. ஒதுக்கீட்டுக் கடிதங்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் பருவத்துக்கு முன்பே, நிதி நிபந்தனையின்றி வழங்கப்பட வேண்டும். ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி தரும் தாட்கோ, சேர்க்கைக்கு முந்தைய செலவுகளுக்கும் முன்பணம் தர வேண்டும். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனில் நிலத்தின் இடத்தில் அரசே பிணையாக நிற்க வேண்டும்.

நூற்றாண்டுகளாக நிலமும் சேமிப்பும் மறுக்கப்பட்ட மக்களிடம் நிலத்தையும் சேமிப்பையும் தகுதிச் சான்றாகக் கேட்பது நடுநிலையான விதி அல்ல. ஏர்வாடியிலிருந்து உழைப்பதற்கு விமானம் ஏறும் இளைஞரை ஊரே அறிந்த கடன் அனுப்பிவைக்கிறது. படிப்பதற்கு விமானம் ஏற வேண்டியவரை அனுப்பிவைக்கும் கடமை அரசுக்கு உரியது.