பிறவிப் பூசாரியும் உழைக்கும் சூனியக்காரியும்

ஜப்பானில் உருவான 'தோஹோ' என்ற கணினி விளையாட்டுத் தொடரில் மரிசா கிரிசாமே என்றொரு இளம் சூனியக்காரி வருகிறாள். கூம்புத் தொப்பி, கறுப்பு வெள்ளை உடை, பறப்பதற்கு ஒரு துடைப்பம். 1990களில் ஜுன் என்ற புனைபெயரில் தனி ஒரு ஆள் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் தொடர் அது. திரை நிறையப் பொழியும் தோட்டாக்களுக்கு நடுவே சிக்காமல் நழுவிப் போவதுதான் ஆட்டம். சென்னையிலும் புதுச்சேரியிலும் அனிமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு மரிசாவைத் தெரியும். அவளைப் பிடித்துப் போவதற்குக் காரணம் அவளுடைய மந்திரம் அல்ல, உழைப்பு.

மரிசாவுடன் இந்தத் தொடரில் வரும் இன்னொரு நாயகி ரெய்மு. ஹாகுரெய் கோயிலின் பூசாரிப் பெண். கோயிலின் பெயரே அவளது குடும்பப் பெயர். அவளுக்குத் திறமை பிறவியிலேயே வாய்த்தது. பயிற்சி என்றாலே கசக்கும். மரிசாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் சாதாரண மனுஷி. காட்டில் தனியாக இருந்துகொண்டு காளான்களைக் கொதிக்கவைத்துச் சோதித்து, படித்து, தோற்று, திரும்பவும் செய்துபார்த்துக் கற்றுக்கொண்டவள். தான் உழைப்பது பிறர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மறைத்தும் வைப்பவள்.

இந்த மாதிரிக் கதை கையில் கிடைத்தால் போதும், 'தகுதி - திறமை' கூட்டத்துக்குக் கொண்டாட்டம்தான். "உழைத்தால் உயரலாம், மரிசாவைப் பார், அவள் இட ஒதுக்கீடா கேட்டாள்?" என்று தொடங்கிவிடுவார்கள். சினிமா நாயகன், கிரிக்கெட் வீரர், தெருவிளக்கில் படித்த பெரிய மனிதர் என்று ஏற்கெனவே நீளும் பட்டியலில் ஒரு சூனியக்காரிக்கும் இடம் கிடைத்துவிடும். இவர்கள் ஆட்டத்தைப் பாதிதான் ஆடியிருக்கிறார்கள் என்பது நம் வாதம்.

மீதிப் பாதியைப் பார்ப்போம். தொடரின் பல ஆட்டங்களில் பூசாரிப் பெண் எய்யும் தோட்டாக்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: எதிரி எங்கிருந்தாலும் அவை தாமாகவே வளைந்து போய்த் தாக்கும். ஆடுபவர் திரையின் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றாலும் அடி விழுந்துகொண்டிருக்கும். சூனியக்காரியின் தாக்குதலோ பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். வலிமை அதிகம்தான், ஆனால் எதிரிக்கு நேர் எதிரே, தோட்டாக்கள் அடர்ந்து வரும் இடத்திலேயே போய் நிற்க வேண்டும்.

தானாக வளைந்துபோய் இலக்கைத் தொடும் தோட்டா நம் நாட்டில் யார் யாரிடம் இருக்கிறது? அப்பா படித்த கல்லூரி, மாமா வேலைபார்க்கும் அலுவலகம், வீட்டில் புழங்கும் ஆங்கிலம், நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பெயரைக் கேட்டதும் வரும் சிரிப்பு, வாடகைக்கு வீடு தேடும்போது எழாத கேள்விகள். இவை எல்லாம் பிறப்பு எய்த தோட்டாக்கள். எய்தவருக்கு எய்ததே தெரியாது. தன் குறி துல்லியம் என்று நம்பிக்கொண்டிருப்பார். அந்த நம்பிக்கைக்குத்தான் இங்கே 'மெரிட்' என்று பெயர்.

ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பூசாரியைத் தேர்ந்தாலும் சூனியக்காரியைத் தேர்ந்தாலும் தொடக்கத்தில் கையில் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை ஒன்றுதான். சூனியக்காரி என்பதற்காக முதல் கட்டத்திலேயே கதவை அடைப்பதில்லை. பறந்ததற்காக யாரும் அவள் கட்டைவிரலைக் கேட்பதில்லை.

நம் கதைகளில் கேட்டார்கள். ஏகலைவனை விடக் கடுமையாக உழைத்த மாணவன் மகாபாரதத்தில் இல்லை. குரு மறுத்த பிறகு மண்ணால் குருவைச் செய்து வைத்துக்கொண்டு தானே கற்றான். கிடைத்த பரிசு, வலது கட்டைவிரலை அறுத்துக் கொடுக்கும் 'பாக்கியம்'. உத்தர காண்டத்தில் சம்பூகன் செய்த குற்றம் என்ன? சோம்பலா? தவம் செய்தான், அதாவது உழைத்தான். அதற்குத்தான் தலை போனது. சனாதனம் ஒடுக்கப்பட்டவரின் சோம்பலைத் தண்டித்ததாகக் கதையே இல்லை. அது தண்டித்ததெல்லாம் அனுமதிக்கப்படாத இடத்தில் காட்டிய உழைப்பை. சேற்றில் உழைக்கலாம், சாக்கடையில் உழைக்கலாம், ஏட்டின் முன்னால் உழைத்தால் மட்டும் அது அதர்மம்.

மரிசா பெரிய மாளிகையொன்றின் நூலகத்துக்குள் புகுந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவாள். திருட்டு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். சாகும்வரை இரவல் என்பாள். ஆடுபவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. ஏடுகளைப் பூட்டிவைத்த சமூகத்தில் பிறந்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கை இல்லை. பூட்டிவைத்தவன் காவலன், எடுத்துப் படித்தவள் திருடி என்ற கணக்கு நமக்குப் பழகிய கணக்கு. "எங்கள் சீட்டை எடுத்துக்கொண்டார்கள்" என்று இன்றும் பேசுகிறார்களே, அந்த 'எங்கள்' யாருடையது?

புதுச்சேரியில் உட்கார்ந்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சமத்துவம் என்ற சொல்லை முத்திரையில் பொறித்து வைத்திருந்த ஆட்சி நடந்த ஊர் இது. 1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி வழக்கங்களோடு கூடிய தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்று, புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது. இந்தத் துறப்பு இயக்கத்துக்கு முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, அவர் வெள்ளாளர். ஆனால் அவருடன் பெயரைத் துறந்து வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் ஏராளம். பழைய அடையாளத்தை உதறிவிட்டுச் சட்டத்தின் முன் மனிதராக நின்றவர்களுக்குக் குடியரசு என்ன செய்தது? 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தது. ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர்கள் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. பெயரை மாற்றலாம், சட்டத்தை மாற்றலாம், பட்டியலை மட்டும் மாற்ற முடியாது.

அடுத்த எடுத்துக்காட்டு இன்னும் கசப்பானது. 1908 முதல் 1918 வரை பாரதி இந்த ஊரில் இருந்தார். 1913-ல் ரா. கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்கு அவர் பூணூல் அணிவித்தார். அந்தக் காலத்தில் துணிச்சலான செயல் அது, மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் தர்க்கத்தைப் பாருங்கள். ஓர் இளைஞனின் மதிப்பை ஒப்புக்கொள்ள, உயர்ந்த பிறப்பின் அடையாளத்தை அவன் தோளில் மாட்ட வேண்டியிருந்தது. சூனியக்காரியைச் சூனியக்காரியாகவே மதிக்க வழியில்லை. அவளுக்கும் பூசாரி உடுப்பைப் போட்டுவிட்டால்தான் மரியாதை. நூலைத் தோளில் மாட்டுவது விடுதலை ஆகாது, நூலைப் பார்த்து மதிக்கும் கண்ணை மாற்றுவதுதான் விடுதலை.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள். இன்றைய கதைக்கு வருவோம்.

அரியலூர் மாவட்டம் குழுமூரின் தங்கை அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. இதற்கு மேல் எவ்வளவு உழைக்க முடியும்? ஆனால் ஆட்டத்தின் விதி நடுவில் மாறியது. மாநிலப் பாடத்திட்டத்தில் அவள் எடுத்த மதிப்பெண் செல்லாது, நீட் மதிப்பெண்தான் செல்லும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டாள். 2017 செப்டம்பர் 1-ம் தேதி அவளை இழந்தோம். உழைத்தால் உயரலாம் என்று பாடம் நடத்துபவர்கள் அனிதாவின் பெயரைச் சொல்லிவிட்டு அந்தப் பாடத்தைத் தொடரட்டும்.

2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு நீட்டின் விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அரசுப் பள்ளி மாணவர்களும் தமிழ்வழி மாணவர்களும் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்ததையும், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதி உள்ளே வருபவர்கள் பெருகியதையும் அது காட்டியது. தோற்றால் இன்னொரு உயிர், அதுவும் போனால் மற்றொன்று. பணம் இருப்பவருக்கு ஆட்டம் முடிவதே இல்லை. கூலி வேலை செய்பவரின் மகளுக்கு ஒரே உயிர். இருவரின் மதிப்பெண்ணையும் ஒரே தாளில் அச்சடித்து, இதுதான் தகுதி என்கிறார்கள்.

புதுச்சேரி நிலவரம் என்ன? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்று 2020-ல் அமைச்சரவை முடிவெடுத்தது. கோப்பு டெல்லிக்குப் போனது. நடைமுறைக்கு வந்தது 2023-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் சென்டாக் கலந்தாய்வுக் கூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பிய பிள்ளைகளின் உழைப்புக்கு யார் பொறுப்பு?

இதே 10 என்ற எண்ணை இன்னோர் இடத்திலும் பாருங்கள். முன்னேறிய சாதியினரில் 'பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு' 10 விழுக்காடு தரும் 103-வது அரசியல் சட்டத் திருத்தம் 2019 ஜனவரி 8-ல் மக்களவைக்கு வந்தது, அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. ஜனவரி 14-ல் நடைமுறை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் எவ்வளவு ஏழையானாலும் அதற்குள் வர முடியாது. அந்த ஒரு வாரத்தில் "உழைத்து வா" என்று யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. பூசாரியின் தோட்டா வளைந்து போய் இலக்கைத் தொட்டது, அவ்வளவுதான்.

சூனியக்காரி என்ற சொல்லையும் சும்மா விடக்கூடாது. ஜப்பானிய ஆட்டத்தில் அது தொப்பியும் துடைப்பமும். இந்த நாட்டில் அது கொலைக்கான காரணம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைகளின் நோக்கங்களை வகைப்படுத்தும்போது சூனியத்துக்கென்று தனி வரியே வைத்திருக்கிறது. ஜார்க்கண்டின் சுட்னி மஹதோவை 1995-ல் 'டாயன்' என்று சொல்லி ஊரே சேர்ந்து வதைத்தது. குழந்தைகளோடு தப்பி ஓடியவர், பிறகு அதே பழிக்கு ஆளான பெண்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ தந்தார்கள். விருது தந்த நாட்டில் வேட்டை நின்றதா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி மக்களில் ஒருவரைச் சூனியம் செய்பவர் என்று பழி சொல்லி உடலையோ மனத்தையோ துன்புறுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் புதுச்சேரிக்கும் பொருந்தும். பழி யார்மேல் விழுகிறது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஒரே வேலையைக் கோயிலுக்குள் நின்று செய்தால் பரிகாரம், பூசை, யாகம்; சேரியில் ஒரு கிழவி செய்தால் பில்லி, சூனியம், ஏவல். இரண்டும் மூடநம்பிக்கைதான். ஒன்றுக்குத் தட்சணை, மற்றொன்றுக்கு அடி. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது மந்திரம் அல்ல, சாதி.

ஒரு மறுப்பு வரும். "மரிசாவும் ஏழை இல்லையே, கடை வைத்திருக்கும் வசதியான வீட்டை விட்டு வந்தவள்தானே?" உண்மைதான், அது நம் வாதத்துக்கே வலு. தானாக முயன்று முன்னேறியவள் என்று கதை கொண்டாடும் பெண்ணுக்கும்கூட எழுத்து அறிந்த ஒரு வீடு முதலில் இருந்தது. அந்த முதல் படியும் இல்லாதவரைப் பார்த்து "அவளைப் போல் உழை" என்பதில் என்ன நேர்மை இருக்கிறது?

உழைப்பைப் பற்றி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வயலில் நாற்று நட்டவர்கள், ஆலைகளில் தறி ஓட்டியவர்கள், விடியுமுன் ஒயிட் டவுன் வீதிகளைப் பெருக்கி வைப்பவர்கள் யார்? உழைப்பே உயர்த்தும் என்றால் இந்நேரம் இந்த ஊரின் கடற்கரை மாளிகைகள் துப்புரவுத் தொழிலாளர்களின் பெயரில் இருக்க வேண்டும். மரிசாவின் கையில் துடைப்பம் பறக்கும் வண்டி. நம் அம்மாக்களின் கையில் அது தலைமுறை தலைமுறையாகத் திணிக்கப்பட்ட தொழில்.

ஆகவே நமக்கு வேண்டியது உழைப்பின் மகிமை பற்றிய கதை அல்ல. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டைத் தனியார் கல்லூரிகளின் அரசு இடங்களிலும் முழுமையாக நிரப்புங்கள். நிரப்பாமல் கிடக்கும் ஒதுக்கீட்டுப் பணியிடங்களின் கணக்கைத் துறைவாரியாக வெளியிடுங்கள். சூனியப் பழி சொல்லித் தாக்கினால் சாதாரணச் சண்டை என்று எழுதாமல் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதியுங்கள். ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கையில் உயிர் தருவது ஒரு விளையாட்டு உருவாக்குநருக்குக்கூடத் தெரிந்த நியாயம். அரசியல் சட்டம் எழுதி வைத்திருக்கும் நாட்டிடம் அதைவிடக் குறைவாக நாங்கள் கேட்க மாட்டோம்.