நீச்சல் குளமா, தொட்டியா?

தோட்டத்து வீட்டில் நீச்சல் குளம் எங்கே வெட்டலாம் என்று கேட்கிறார்கள், புதிதாக நிலம் வாங்கிய நண்பர்கள். இடம் கிடக்கட்டும், அந்தத் தண்ணி கடைசியில எங்க போகும்னு முதல்ல சொல்லுங்க. 30 அடி நீளம், 15 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் சுமார் 64,000 லிட்டர். அத்தனையும் குளோரின் கலந்தது. பஞ்சகவ்யம் ஊற்றி வளர்த்த மண்ணுயிர் மேலேயா அதைத் திறந்துவிடுவது?

எங்க பக்கம் பிள்ளைகள் நீந்தப் பழகியது கிணற்றுமேட்டுத் தொட்டியில்தான். மருந்து கிடையாது. குளித்த தண்ணி அன்றைக்கே வாய்க்கால் வழியா தென்னைக்குப் போயிடும். (சோப்பு எடுத்துட்டுப் போனா அப்பத்தா விரட்டும்.) நிலத்தின் மேட்டுப்பக்கம், வேர் சுவரைப் பிளக்காதபடி மரங்களை விட்டுத் தள்ளி, அப்படியொரு தொட்டி கட்டுங்கள். நிறைக்க மட்டும்தான் மோட்டார்; பாய்ச்சலுக்கு வேண்டாம். ஏறி இறங்கப் படியும் சுற்றி வேலியும் கட்டாயம்.