கைபடாத 1500 கிலோமீட்டர்

'மனிதத் தலையீடே இல்லாமல்' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. 2024 அக்டோபர் கடைசியில் 'மாதங்கி' என்ற ஆளில்லாப் படகை மும்பையிலிருந்து தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். ராஜ்நாத் சிங் காணொளி வழியாகக் கொடியசைத்தார். 1500 கிலோமீட்டர், மனிதத் தலையீடு இல்லாமல் என்றது அறிவிப்பு. என் மென்பொருள் நண்பர்களின் வாட்சப் குழுக்களில் ஒரே கைதட்டல். படகைக் கட்டிய பொறியாளர்கள்மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை, அது பெரிய வேலை. என் சண்டை அந்தக் கைதட்டலோடுதான். ஆட்டோபைலட்டைக் கடலில் சோதிப்பது என்றால் எவ்வளவு தூரம் போச்சு என்று அளப்பதல்ல. எப்போது அது கைவிட்டது, அது கைவிட்டது பக்கத்தில் இருந்த மனுஷனுக்குத் தெரிந்ததா, தெரிந்து எத்தனை நொடியில் சுக்கான் அவன் கைக்கு வந்தது? அளக்க வேண்டியது இதைத்தான்.

நேராக ஓட்டுவது பழைய கணக்கு. பொறியியல் படித்த எல்லோரும் பி.ஐ.டி. கன்ட்ரோலரை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்போம். அது கப்பலுக்காக எழுதப்பட்ட கோட்பாடு என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை. 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, தேர்ந்த ஆள் சுக்கானை எப்படித் திருப்புகிறான் என்று கவனித்து அதைச் சமன்பாடாக்கினார். அமெரிக்கப் போர்க்கப்பல் நியூ மெக்சிகோவில் அதைச் சோதித்தார்கள். நூறு வருஷம் ஆச்சு. இன்னும் தீராமல் கிடப்பது கைமாறும் அந்த நிமிஷம்தான்.

1995 ஜூனில் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. கொஞ்ச நேரத்திலேயே ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசையை வைத்து உத்தேசக் கணக்கு போட ஆரம்பித்தது. திரை ஓரத்தில் 'டி.ஆர்.' என்று இரண்டு சின்ன எழுத்து, அவ்வளவுதான். நீரோட்டம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆட்டோபைலட்டோ பொய்யான இடத்தை நம்பி ரொம்ப ஒழுங்காக ஓட்டியது. 34 மணி நேரம் கழித்து, பாதையிலிருந்து 17 மைல் தள்ளி, 1500 பேரோடு நான்டக்கெட் அருகே மணல்திட்டில் ஏறியது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. கரை தட்டும்வரை அந்தப் பயணத்தையும் 'தலையீடு இல்லாத வெற்றி' என்று எழுதியிருக்கலாம் இல்லையா?

மாதங்கி கிளம்பிய அதே மாதம் 5ஆம் தேதி, நியூசிலாந்துக் கடற்படையின் மனவானுயி சமோவா அருகே பவளப்பாறையை அளந்துகொண்டிருந்தது. கப்பல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. உந்திகள் பழுது என்று நினைத்தார்கள். உண்மையில் ஆட்டோபைலட்டை அணைக்கவே இல்லை. கப்பல் பாறையில் மோதி மறுநாள் மூழ்கியது. 75 பேரும் பிழைத்தார்கள். இரண்டு கதையிலும் ஆட்டோபைலட் கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'ஆள் ஓட்டினால் மட்டும் இடிக்காதா?' என்று கேட்பீர்கள். இடிக்கும். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன ஓஷியானிக் என்ற மீன்பிடிப் படகைக் கப்பல் ஒன்று இடித்தது. படகில் இருந்தவர்களில் பலர் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள். ஆள் இருந்தும் இந்தக் கதி. அந்தக் கப்பலும் மாதங்கியும் போவது அதே மேற்குக் கரையோரம்தான். அங்கே இரவில் வலை விரித்துக் கிடக்கும் வள்ளங்களில் பெரும்பாலும் ஏ.ஐ.எஸ். கருவி கிடையாது, ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியவும் செய்யாது. 1972இன் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆவது, கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணிக்கச் சொல்கிறது. கேமராவைக் கண் என்றே வைத்துக்கொள்வோம். டார்ச் அடித்துக் கத்துகிற ஆளை அது எத்தனை முறை தவறவிட்டது என்று சொல்ல வேண்டாமா? அந்தச் சோதனையில் மீனவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமலே.

கடலே இல்லாத சிவகங்கை மாவட்டத்துக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், எங்கள் காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம். அவர்களுக்கு மண்டபத்தில் ஒரு அரிமானச் சோதனை நிலையம் உண்டு. உலோகத் தகட்டை எடை போட்டு, கடலுக்கும் உப்புக்காற்றுக்கும் விட்டுவிட்டு, காத்திருந்து, மறுபடி எடை போடுகிற வேலை. அங்கே துருதான் முடிவு. தகடு தின்னப்பட்டதை யாரும் மறைப்பதில்லை, எவ்வளவு என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் தொழிலிலோ டெமோ அன்றைக்குத் துரு தெரியாத பக்கத்தைத் திருப்பி வைப்பதே திறமை. அந்தப் பழக்கத்தோடு கடலில் இறங்கினால் தாங்காது.

'நாடு ஒரு நல்லது பண்ணும்போது நொட்டை சொல்லாதீங்க' என்பார்கள். நான் கேட்பது புதுசும் இல்லை. கலிஃபோர்னியாவில் தானோட்டிக் கார்களைச் சோதிக்கிற நிறுவனங்கள், ஓட்டுநர் எத்தனை முறை கைவைக்க வேண்டிவந்தது என்று வருஷாவருஷம் அரசிடம் கணக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. காரோட்டிக்கு உள்ள மரியாதை கடலோடிக்கும் வேண்டும். காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, எத்தனை முறை அலாரம் அடித்தது, எத்தனை முறை கரையிலிருந்து கைவைத்தார்கள், எந்த வள்ளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போனது. ஆளில்லாப் படகு எது போனாலும் இந்தக் கணக்கை வெளியிடட்டும். ராணுவ ரகசியம் என்றால் அலைவரிசையை மறைத்துக்கொள்ளுங்கள், வள்ளத்துக்கும் படகுக்கும் இருந்த இடைவெளியில் என்ன ரகசியம்? முனம்பத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் தூத்துக்குடியிலும் மீன் ஏலம் போடுகிற இடத்தில், மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டட்டும். படகு கிளம்புவதற்கு முன்னால், அது வரும் பாதையையும் சேர்த்து.