பொதியினுள் இருக்கும் கோப்பு

க.பொ.த. உயர்தரத்திற் கற்கும் மாணவர் ஒருவர், லகர ளகர ழகர வேறுபாட்டைச் சிறுவர்க்குப் பழக்கும் விளையாட்டுச் செய்நிரல் ஒன்றை ஜாவா மொழியில் இயற்றினார். அதற்கு வேண்டிய சொற்களையெல்லாம் தாமே தட்டெழுதித் தனிக் கோப்பொன்றிற் சேர்த்து வைத்திருந்தார். வீட்டுக் கணினியில் அது செவ்வனே இயங்கிற்று. தம்பி தங்கையர் நாள்தோறும் அதனோடு விளையாடினர். பாடசாலைக் கண்காட்சிக்கு எடுத்துச் சென்ற அன்றோ, திரையில் வெறுஞ்சட்டம் ஒன்று தோன்றியதேயன்றிச் சொல் ஒன்றேனும் தோன்றவில்லை. வீட்டார் பாடசாலைக் கணினியைப் பழித்தனர். பாடசாலையார் செய்நிரலைப் பழித்தனர். மாணவரோ இத்துறையே தமக்கு ஒவ்வாது என்னும் முடிவுக்கு வந்துவிட்டார். உண்மையிற் பிழை ஒரே ஒரு வரியில் இருந்தது. அத்தகைய வரியை வேறு பல மாணாக்கரிடத்தும் யாம் கண்டிருத்தலின், அதனை விரித்துக் கூறுதல் நன்றெனக் கருதுகின்றோம்.

சொற்கோப்பு இருக்கும் கோப்புறையின் பெயரை அவ்வரி சுட்டிற்று. அதாவது, "இன்ன கோப்புறைக்குட் சென்று இன்ன கோப்பைத் திற" என்பது கட்டளை. வீட்டிலே அக்கோப்புறை இருந்தது. ஆதலின் கட்டளை நிறைவேறிற்று. பாடசாலைக்கு அவர் கொண்டு சென்றதோ ஜார் எனப்படும் ஒற்றைப் பொதியை மாத்திரமே. சொற்கோப்பு அப்பொதியினுள்ளே பத்திரமாக இருந்தது. செய்நிரல் மட்டும் அதனைப் பொதிக்கு வெளியே, அங்கில்லாத கோப்புறையிலே தேடி நின்றது. கதிர்காம யாத்திரை செல்வோன் தோளிலே கட்டுச்சோற்றைச் சுமந்துகொண்டு, வீட்டு அடுப்பங்கரையைத் தேடுவது போலும் இது.

ஜார் என்பது யாது? 1997 ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா 1.1 பதிப்போடு வந்த பொதி முறை அது. உள்ளே நோக்கினால் நாம் நன்கறிந்த ஸிப் கோப்பேயன்றி வேறன்று. ஸிப் முறையை 1989 இல் வகுத்தவர் பில் கற்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பெயரின் முதலெழுத்துகளாகிய பி, கே என்னும் இரண்டும் இன்றும் அத்தகைய பொதிகளின் தொடக்கத்தே நிற்பதைக் காணலாம். மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஜார் கோப்பொன்றைப் படியெடுத்து, பெயரின் ஈற்றிலுள்ள ஜார் என்பதை ஸிப் என மாற்றித் திறந்தால், செய்நிரலின் வகுப்புகளும் படங்களும் சொற்பட்டியல்களும் அடுக்கடுக்காய் உள்ளே கிடப்பது புலனாகும். இவ்வாறு உள்ளே வைக்கப்படுவனவற்றையே உட்பொதிந்த வளங்கள் என்கிறோம்.

பொதிக்குள் இருப்பதைத் தட்டில் இருக்கும் கோப்பைப் போலத் திறக்க இயலாது. செய்நிரலையே பெயர் சொல்லிக் கேட்டுப் பெறல் வேண்டும். ஜாவாவில் அதற்கென உள்ளது "கெட் ரிசோர்ஸ் அஸ் ஸ்ட்ரீம்" என்னும் கட்டளை. வகுப்பு ஒன்றின் வழியாக இதனைக் கேட்கும்போது பெயரின் முன்னே சாய்கோடு இட்டால், பொதியின் உச்சியிலிருந்து தேடும். இடாவிடின் அவ்வகுப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடும். இச்சிறு கோட்டினால் இழந்த மாலைப்பொழுதுகள் பலருக்கும் உண்டு. மேலும், ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டை விண்டோஸ் தட்டு பொதுவாகப் பாராட்டாது. பொதியோ கண்டிப்பாகப் பாராட்டும். வளம் கிடையாதபோது இக்கட்டளை கூக்குரல் இடுவதில்லை. "நல்" என்னும் வெறுமையை வாளா திருப்பித் தரும். அவ்வெறுமை வேறெங்கோ சென்று பிழையாய் வெடிக்கும். மாணாக்கரும் வெடித்த இடத்தையே துருவிக் கொண்டிருப்பர். ஆதலின் கேட்ட மறுகணமே கிடைத்ததா எனச் சோதித்தல் வேண்டும்.

மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் டொட் நெட் முறையிலும் இவ்வசதி உண்டு. அங்கே கோப்புறைப் பெயர்களும் கோப்பின் பெயரும் புள்ளிகளால் இணைந்து ஒரு நீண்ட பெயராகிவிடும். பெயர் ஐயமாயின், உள்ளிருக்கும் வளங்களின் பெயர்ப்பட்டியலைச் செய்நிரலிடமே கேட்டு அச்சிட்டுப் பார்த்தல் எளிது.

இவ்வெண்ணம் ஜாவாவுக்கு மூத்தது. 1984 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்ரோஷ் கணினியிலே, கோப்பு ஒவ்வொன்றுக்கும் தரவுக் கிளை, வளக் கிளை என இரு கிளைகள் இருந்தன. வளங்களை ஆளும் பகுதியை எழுதியவர் புரூஸ் ஹோர்ன். திரையிலே தோன்றும் சொற்களும் சின்னங்களும் வளக் கிளையில் இருந்தமையால், கட்டளை வரிகளைத் தொடாமலே அச்சொற்களைப் பிறமொழியில் மாற்ற முடிந்தது. செய்நிரலுக்குட் சொற்களைக் கலந்து எழுதாது தனியே வைப்பதன் பெரும்பயன் இதுவே என்பது எம் துணிபு.

தமிழர்க்கு இவ்விடத்தே இன்னும் ஓர் இடர் உண்டு. தமிழ் என்னும் சொல்லை யூனிக்கோட் ஐந்து குறிகளாகக் கொள்ளும். யூ.ரி.எவ்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைற் வீதம் 15 பைற் ஆகும். வளத்தைப் படிக்கும் செய்நிரல் இம்முறையை அறியாது, பைற் ஒன்றுக்கு ஓர் எழுத்தெனக் கொள்ளுமாயின், தலையிற் கோடிட்ட ஏயும் வட்டத்துள் அமைந்த ஆரும் மீண்டும் மீண்டும் திரையில் நிரம்பும். எம் மாணவரது செய்நிரலில் முதற்பிழை நீங்கியபின் வெளிப்பட்டது இதுவே! 2022 இல் வந்த ஜாவா 18 முதல், முறை கூறாவிடின் யூ.ரி.எவ்-8 என்றே கொள்ளப்படுகிறது. அதற்கு முந்திய பதிப்புகளில் அது கணினிக்குக் கணினி வேறுபடும். பழைய கணினிகள் நம் பாடசாலைகளிற் பல உண்டாதலின், குறிமுறையை வெளிப்படையாக எழுதிவிடுதலே தக்கது. செய்திச்சொற்களுக்கென ஜாவாவில் வழங்கும் புறொப்பேட்டீஸ் கோப்புகளோ, 2017 இல் ஜாவா 9 வரும்வரை தமிழை நேரே ஏற்றதில்லை. அகரம் ஒன்றை எழுதவும் அதன் யூனிக்கோட் எண்ணையே எழுதவேண்டியிருந்தது. அவ்வாறு ஒரு பக்கம் எழுதியோர் அதன் துன்பத்தை அறிவர்.

பொதியினுள் உள்ளவை படிப்பதற்கே உரியன. விளையாடுவோர் பெறும் புள்ளிகளைச் சேமிக்க வேண்டின், அதற்கு வெளியே தனிக்கோப்பு வேண்டும்.

கடவுச்சொல் முதலிய மறைபொருள்களை அங்கே வைத்தலும் ஆகாது. ஈற்றுப் பெயரை மாற்றித் திறக்கும் சோதனையை எவரும் செய்யலாம். வினாவிடைப் போட்டியின் விடைகளை உள்ளே வைத்து அனுப்பினால், கூர்த்த மாணாக்கன் ஒருவன் போட்டிக்கு முந்திய இரவே அவற்றைப் படித்து முடித்திருப்பான்.