மூடியைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

கம்ப்யூட்டர் ஹேங் ஆனதும் "ஃபார்மெட் பண்ணிடலாம் சார்" என்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஹாம் ரேடியோவிலும் இதே கதைதான். காரில் வைத்த வி.எச்.எஃப். மொபைல் செட்டில் பேச முடியவில்லை என்றால் உடனே மூடியைக் கழற்றி, "ஃபைனல் டிரான்சிஸ்டர் போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. பல நேரங்களில் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது.

எனக்கே நடந்தது. மைக் பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே மங்கி செட் அணைந்துவிடும். மற்றவர் பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்கும். கடையில் கொடுத்தேன். டிரான்சிஸ்டரை மாற்றி, அவர்களது பவர் சப்ளையில் போட்டுக் காட்டினார்கள். அருமையாக வேலை செய்தது. பணம் கொடுத்து வாங்கி வந்து வண்டியில் மாட்டினால், பழைய குருடி கதவைத் திறடி!

பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். செட்டுக்கு வரும் ஒயரில் 12.6 வோல்ட். பட்டனை அழுத்தியதும் 10-க்குக் கீழே. பேட்டரி முனையில் அவ்வளவாகக் குறையவில்லை. இடையில் இருந்த ஃப்யூஸ் ஹோல்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

கேட்கும்போது இந்த செட்டுக்கு ஒரு ஆம்பியர்கூடத் தேவையில்லை. 50 வாட்டில் பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். வழியில் கால் ஓம் தடை இருந்தாலே இரண்டரை வோல்ட் காணாமல் போகும். எனவே "கேட்கிறதே, பவர் சரிதான்" என்று நினைக்காதீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுங்கள், ஃப்யூஸுடன்.

அடுத்து ஆன்டெனா. அதைக் கழற்றிவிட்டு, செட்டின் வாட்டைத் தாங்கக்கூடிய 50 ஓம் டம்மி லோடை மாட்டி, வாட் மீட்டரைப் பாருங்கள். முழு பவர் வந்தால் செட் நல்லது. மழைநீர் இறங்கிய கனெக்டரைத் தேடுங்கள். எதுவுமே மாட்டாமல் மட்டும் பட்டனை அழுத்த வேண்டாம். ஃபைனல் நிஜமாகவே போக அது நல்ல வழி! (ஒலிபரப்பிச் சோதிக்க லைசென்ஸ் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.)

பவர் வந்தும் ரிப்பீட்டர் பதில் தரவில்லையா? டோன் செட்டிங் மாறியிருக்கலாம். கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. கேபிள் வழியாக, இலவச 'சர்ப்' மென்பொருளால் திருத்தலாம். முதலில் செட்டில் உள்ளதைப் படித்து ஒரு பைலாகச் சேமித்துவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் ரேடியோதான் செய்திகளைக் கொண்டு சேர்த்தது. அப்படி ஒரு நாளில் செட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?

கடைக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். பிரிப்பதற்கு முன் டம்மி லோடில் எத்தனை வாட், பிரித்துச் சரி செய்த பின் எத்தனை வாட்? இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் என் செட்டை இப்போது நான் கொடுப்பதில்லை.