ஒரே ரைடரை நம்பி ஆடுற ஊர் டீம்களுக்கு ஒரு டாக்டரோட வேண்டுகோள்

1/ திருவிழா சீசன் வந்தா புதுக்கோட்டை மாவட்டத்துல அரசு ஆஸ்பத்திரி நைட் டூட்டி டாக்டருக்கு ரெண்டு வகை கேஸ் நிச்சயம். ஒண்ணு, மாடு முட்டினது. இன்னொண்ணு, மின்னொளி கபடியில முட்டி போனது. மாட்டைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க. நான் ரெண்டாவதைப் பத்தி எழுதுறேன். நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ போன சீசன்ல ஒரு ராத்திரி, மணி மூணு இருக்கும். 20 வயசுப் பையனை நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. வலது முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்துச்சு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"எத்தனையாவது மேட்ச் தம்பி?"
"நாலாவது சார். செமி."
"எத்தனை ரைடு போன?"
"எண்ணல சார். அவுட்டாகி வெளிய உக்காந்த நேரம் தவிர எல்லாம் நான்தான்."

3/ கூட வந்த பெரியவர் என்னைத் தனியா கூப்பிட்டார். "டாக்டர், இன்னும் ஒரு மேட்ச்தான். ஊசி போட்டு இறுக்கிக் கட்டுனா ஆடிருவான்ல?"

அவர் கெட்டவர் இல்ல. அந்தப் பையனோட தாய்மாமா. அவங்க டீம்ல பாடிப் போக வேற ஆளே இல்ல. பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

4/ எல்லா ரைடும் ஒருத்தனுக்கே கொடுக்கிறதை நம்ம ஊர்ல வியூகம்னு நினைக்கிறோம். அது வியூகமே இல்லைங்கிறது என் கருத்து. அதனால மேட்ச்சும் போகுது, முட்டியும் போகுது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: அடுத்து யார் வருவான்னு எதிரணிக்கு முன்னாடியே தெரிஞ்சுபோகுது.

5/ போனஸ் கோட்டை எடுத்துக்கோங்க. எதிர்ல 6 பேரோ 7 பேரோ இருந்தாத்தான் போனஸ் உண்டு. ரைடர் காலை நீட்டுறப்போ கார்னர்ல நிக்கிறவனுக்கு ரெண்டே வழி. கணுக்காலுக்குப் பாயணும், இல்ல விட்டுக்கொடுக்கணும். பாய்ஞ்சா தொட்டுட்டுப் போயிருவான். விட்டா போனஸ். நல்ல ரைடர் முன்கூட்டி முடிவு பண்ணமாட்டான். கார்னரோட அசைவைப் பார்த்து அந்த நொடியில முடிவு பண்ணுவான்.

6/ இதே கணக்கை ஒரு நைட் டூட்டியில யூடியூப்ல வேற ஒரு ஆட்டத்துல பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். அதுல "ஆப்ஷன்"னு ஒரு முறை. பந்து வச்சிருக்கிற குவாட்டர்பேக் எதிரணியில ஒரு ஆளைக் குறிவச்சுப் பார்ப்பார். அவன் பக்கத்துல ஓடுறவன் மேல பாய்ஞ்சா பந்தைத் தானே எடுத்துட்டு ஓடுவார். தன் மேல பாய்ஞ்சா பக்கத்தாளுக்குக் கொடுத்துருவார். நம்ம போனஸ் கணக்கேதான்!

7/ அங்க ராணுவ அகாடமி, கடற்படை அகாடமி அணிகள் ரொம்ப காலம் இந்த முறையைத்தான் நம்பி ஆடுனாங்க. உடம்புல பெரிய அணிகளோட மோத இது வசதி. அவங்க பெரும்பாலும் ஓடுவாங்க, பந்தைத் தூக்கி எறியறது ரொம்பக் குறைவு. ஆனா எறியவே மாட்டாங்கன்னு தெரிஞ்சா எதிரணி மொத்தமும் முன்னாடி வந்து அடைச்சுக்கும். அதனால அப்பப்போ ஒண்ணு எறிவாங்க. பின்னாடி காவலுக்கு ஆள் இருக்காது, பெரிய ஆதாயம் கிடைக்கும்.

8/ இங்க கவனிங்க. சமநிலைன்னா பாதிக்குப் பாதி இல்ல. ரெண்டாவது வழியை எதிரணி அலட்சியம் பண்ண முடியாத அளவுக்கு வச்சிருக்கணும், அவ்வளவுதான். உங்க முதல் ரைடர் பாதி ரைடு போகட்டும், தப்பில்ல. ஆனா மூணாவது ரைடர் வந்தா கார்னர்காரன் கொஞ்சமாவது யோசிக்கணும்.

9/ "பர்தீப் நர்வால் தனியாளா ஜெயிச்சுக் கொடுக்கலையா?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. 2017 புரோ கபடியில அவர் எடுத்தது 369 ரைடு புள்ளி. பாட்னாவுக்கு அது தொடர்ந்து மூணாவது கோப்பை. ஆனா அந்த வருஷம் அவர்கூட ரெண்டாவது ரைடரா மோனு கோயத் இருந்தார். அடுத்த சீசன் மோனு ஹரியானாவுக்குப் போனார். பாட்னா பிளே-ஆஃப்கூட போகல.

10/ 2019-ல பர்தீப் மறுபடியும் 302 புள்ளி எடுத்தார். பாட்னா எட்டாவது இடம். ஒரு மனுஷன் 300 புள்ளி எடுத்தும் டீம் வெளிய!

2021-22 சீசன்ல பர்தீப் அங்க இல்ல, உ.பி.க்குப் போயிட்டார். பாட்னா ரைடைப் பிரிச்சுக்கிட்டாங்க, பிடியைப் பலப்படுத்துனாங்க. ஈரான்காரர் ஷட்லூய் கார்னர்ல நின்னார். புள்ளிப் பட்டியல்ல முதலிடம். ஃபைனல்ல டெல்லிகிட்ட 37-36ன்னு ஒரே புள்ளியில தோத்தாங்க.

11/ நம்ம தமிழ் தலைவாஸ் கதை இன்னும் நெருக்கம். முதல் நாலு சீசன் பிளே-ஆஃப் பக்கமே போகல. 2022-ல பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தாங்க. முதல் மேட்ச்லயே முட்டியில அடி, சீசனே முடிஞ்சது. எல்லாரும் தலையில கை வச்சோம். ஆனா அந்த வருஷம்தான் முதல் தடவையா செமி ஃபைனல் போனாங்க.

12/ எப்படி? நரேந்தர்னு ஒரு புதுப் பையன், முதல் சீசன்லயே 243 ரைடு புள்ளி. கூட அஜிங்க்யா பவார். கார்னர்ல சாகரும் சாஹில் குலியாவும். ரைடு வராத அன்னிக்குப் பிடி காப்பாத்துச்சு, பிடி வராத அன்னிக்கு ரைடு காப்பாத்துச்சு. பவன் இருந்திருந்தா இன்னும் நல்லா ஆடியிருக்கலாம். ஆனா அவர் இல்லாமலும் நிக்கிற டீமா அது இருந்துச்சு.

13/ இப்ப டாக்டரா பேசுறேன். கணுக்கால் பிடி விழுந்ததும் பாதம் தரையோட பூட்டிக்குது. உடம்பு மட்டும் நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்புது. அந்த முறுக்கு மொத்தமும் முட்டியில இறங்குது. முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிவச்சிருக்கிற ஏ.சி.எல். தசைநார் அப்பதான் அறுபடுது.

14/ தெம்பா இருக்கிறவன் பிடி விழும்போது காலை உருவிருவான். நாலாவது மேட்ச்ல களைச்சுப்போன தொடைத்தசை அரை நொடி லேட்டா வேலை செய்யும். எதிரணிக்கும் அவனோட ஒவ்வொரு அடியும் அதுக்குள்ள மனப்பாடம். களைச்ச காலும் தெரிஞ்சுபோன அடியும் சேர்ந்தா என்ன ஆகும்னு விடியக்காலை மூணு மணிக்கு நான் பார்க்கிறேன்.

15/ அடிபட்டா செய்ய வேண்டியது:
- 'டப்'னு சத்தம், சில மணி நேரத்துல வீக்கம், கால் ஊனுனா முட்டி நழுவுற மாதிரி இருக்கா? ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்க.
- துணியில சுத்தின ஐஸ், 15-20 நிமிஷம். காலை உயர்த்தி வைங்க.
- எண்ணெய் போட்டு உருவுறது, இழுத்துவிடுறது வேண்டாம்.
- எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னா தப்பிச்சோம்னு அர்த்தம் இல்ல. தசைநார் எக்ஸ்ரேயில தெரியாது. எலும்பு டாக்டரைப் பாருங்க.

16/ ஏ.சி.எல். ஆபரேஷன் பண்ணிட்டு மறுபடி ஆட்டத்துக்கு வர ஏறக்குறைய 9 மாசம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். நம்ம மாவட்டத்துல கபடி ஆடுற பசங்கள்ல எத்தனை பேர் போலீஸ், ஆர்மி செலக்‌ஷனுக்குக் காலையில ஓடிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பையனும் அதுல ஒருத்தன். வலியைவிட முதல்ல அதைத்தான் கேட்டான்: "சார், ஓட முடியுமா?"

17/ டீம் நடத்துற அண்ணன்மார்களுக்கு: ரைடு கணக்கை ஒரு நோட்டுல எழுதுங்க. யார் எத்தனை போனான்னு ஒரு மேட்ச் எழுதிப் பாருங்க, உங்களுக்கே தூக்கிவாரிப் போடும். லீக் மேட்ச்ல முன்னிலையில இருக்கும்போது ரெண்டாவது, மூணாவது ஆளை அனுப்புங்க. மூணாவது ரைடு கட்டாயமா புள்ளி எடுக்கணும்ங்கிற நேரத்துல ஒரு தடவையாவது எதிரணி எதிர்பார்க்காத ஆளை இறக்குங்க. செமியில வந்து பழக்க முடியாது.

18/ விழாக் கமிட்டிக்கு: ஒரே ராத்திரியில ஒரு டீம் அஞ்சு மேட்ச் ஆடுற மாதிரி அட்டவணை போடாதீங்க. செமியும் ஃபைனலும் மறுநாள் சாயங்காலம் வைங்க. கூட்டம் வரும், நம்ம ஊர்ல கபடிக்கு வராத கூட்டமா?

19/ அன்னிக்கு அந்தத் தாய்மாமாகிட்ட ஊசி முடியாதுன்னு சொன்னேன். ஃபைனலுக்கு யாரை இறக்குறதுன்னு வராண்டாவுல நின்னு போன்ல பேசிட்டே இருந்தார். வெளிய வேன்ல அவங்க டீம் பசங்க ஆறு பேர் உக்காந்திருந்தாங்க. அதுல ஒருத்தன்கூட அந்த ராத்திரி முழுக்க ஒரு ரைடும் போகல.

உங்க ஊர் டீம்ல எப்படின்னு கீழ எழுதுங்க.