நஞ்சு கலந்தவன் எங்கே? தண்டனை யாருக்கு?



மதில் உண்டு, அகழி உண்டு, கொடியும் பறக்கிறது. ஆனால் காவல் புரிய ஒரு வீரனும் இல்லையெனில் அக்கோட்டை எத்தனை நாள் நிற்கும்? குருதியில் வெள்ளணுக்கள் அற்றுப்போன மனிதனின் நிலையும் அதுவே. எளிய தொண்டைப்புண்ணும் அவனுக்குச் சாவோலையாகலாம்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, வாஷிங்டன் மாநிலங்களில் இந்நோய் கண்டு பலர் மருத்துவமனை ஏகினர். காரணம் யாது? மூக்கால் உறிஞ்சியும், புகைத்தும், ஊசியால் ஏற்றியும் மக்கள் நுகர்ந்த கொக்கெயினில் லெவாமிசோல் கலந்திருந்தது. கால்நடைகளின் குடற்புழுவைக் கொல்லும் மருந்து அது! பெருங்குடற் புற்றுநோய்க்கும் ஒருகாலத்தில் தந்தனர். வெள்ளணுக்களை அழிக்கும் அதன் கொடுமை தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் மனிதர்க்கான மருந்துச் சந்தையிலிருந்து அந்நாட்டில் விலக்கப்பட்டது. மருத்துவம் விலக்கியதைக் கள்ள வணிகம் அணைத்துக்கொண்டது! 2009 ஜூலை நிலவரப்படி, அங்குப் பிடிபட்ட கொக்கெயினில் 69 விழுக்காட்டில் இந்நஞ்சு இருந்ததென அரசின் போதைத் தடுப்புத் துறையே கண்டது.

போதை கேடு என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும், “போதையில் வீழ்ந்தவன்தானே, சாகட்டும்” என்போரைக் கேட்கிறேன்: அரிசியில் கல் கலந்தால் வணிகனைப் பிடிக்கிறீர்கள், குருதியில் நஞ்சு கலந்தால் மட்டும் உண்டவனைப் பிடிப்பது எந்த ஊர் நீதி?

கலப்பட நஞ்சு நின்று, காலத்தே மருத்துவமும் கிடைத்தால், வெள்ளணுக்கள் பெரும்பாலும் மீண்டும் பெருகுகின்றன. அதற்கு நோயாளி மருத்துவரிடம் உண்மை உரைக்க வேண்டும். சிறைக்கு அஞ்சுகிறவன் உரைப்பானா?

ஊசி ஏற்றுவோர் அச்சமின்றி வரும் இடம், தூய ஊசி வழங்கும் நிலையம். எச்சரிக்கை அவர்தம் செவிக்கு எட்டக்கூடிய இடமும் அதுவே. அந்நிலையங்களுக்கு நடுவணரசு நிதி தரலாகாது என்றிருந்த தடையை 2009 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நீக்கியது. 2011 டிசம்பரில் மீண்டும் விதித்தது! 2015 டிசம்பரில் கதவைப் பாதி திறந்தது: பிற செலவுகளுக்கு நிதி உண்டாம், ஊசி வாங்க மட்டும் இல்லையாம்! உயிர் காக்கும் பணியிலும் ஓட்டுக் கணக்கா?

தோழர்களே, மேடைதோறும் முழங்குங்கள்: நஞ்சு கலந்தவனுக்குச் சிறை, நஞ்சுண்டவனுக்கு மருத்துவம்! வீழ்ந்தவனைத் தூக்கி நிறுத்தாத அரசியல், அரசியலே அன்று.